மேல்விளிம்பில் ஒரு விரிசல்

என் மனைவி ஸ்டெல்லாவின் இடது தொடை எலும்பில் விரிசல் எந்த நாளில் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த விரிசல் விலகிய நேரம் மட்டும் எனக்குத் தெரியும். சனிக்கிழமை மாலை, ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. நான் அவளிடமிருந்து மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். என் கண்கள் மூடியிருந்தன.

வரிசையாகச் சொல்கிறேன்.

ஸ்டெல்லாவுக்கு நாற்பத்தாறு வயது. புனேயில், வானவடிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவளுடைய தாத்தா நெல்லைப் பக்கத்து நாசரேத்துக்கு அருகிலிருந்து ராணுவ அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலைக்காக இங்கே வந்தவர். மூன்று தலைமுறை ஆகியும் அவர்கள் வீட்டில் நெல்லைத் தமிழ்தான். காய்கறி வாங்கவும் ரிக்ஷா பிடிக்கவும் மட்டும் இந்தியும் மராத்தியும் நடுவில் வந்து உட்காரும். நான் மதுரையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தவன். திருமணத்துக்குப் பிறகு இங்கே வந்து, இன்றும் வீட்டிலிருந்தபடி பிறர் எழுதும் செய்திகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், ஜெனி. கல்லூரியில் முதலாண்டு. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது.

நான் திருத்திய விபத்துச் செய்திகளுக்குக் கணக்கில்லை. ‘அவருக்குக் காலில் எலும்பு முறிவு ஏற்பட்டது’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவோம். எந்த எலும்பு, எந்த இடத்தில் என்று ஒரு நிருபரையும் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பின்னால் வந்த நாட்களுக்குக் கொஞ்சம் தயாராக இருந்திருப்பேன்.

விபத்து எதுவும் நடக்கவில்லை. பள்ளி ஆசிரியைகள் சிலர் சேர்ந்து பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்தார்கள். ஸ்டெல்லா அதற்கு முன் பேருந்துக்காகக்கூட ஓடியவள் இல்லை. விடிகாலையில் ராணுவக் குடியிருப்புகளை ஒட்டிய மரநிழல் சாலையில் ஓடத் தொடங்கினாள். பத்தே வாரத்தில் இரண்டு கிலோமீட்டர் எட்டாகிவிட்டது. மழை தொடங்கும் சமயத்தில் இடது தொடை இடுக்கில் வலி வந்தது. ஓடினால் வலிக்கும், உட்கார்ந்தால் நின்றுவிடும். தசைப்பிடிப்பு என்று களிம்பு தேய்த்தாள், வெந்நீர்ப் பை வைத்தாள், மறுநாளும் ஓடினாள். பக்கத்து மருத்துவர் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஐந்து வாரம் கழித்தும் வலி நிற்காததால் அவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ஒரு வியாழக்கிழமை எலும்பு நிபுணரிடம் போனோம். மராத்திக்காரர், நாற்பது வயதுக்குள் இருப்பார். டாக்டர் காலே என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

அவர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். சில விநாடிகள் பார்த்தார். பிறகு படத்தை விட்டுவிட்டு ஸ்டெல்லாவைப் பார்த்தார். பேச்சு முழுவதும் இந்தியில் நடந்தது.

“இங்கே எப்படி வந்தீங்க?”

“ஸ்கூட்டர்ல.”

“யார் ஓட்டினது?”

“நான்தான். இவருக்கு புனே டிராஃபிக்னா பயம்” என்று ஸ்டெல்லா சிரித்தாள்.

“வண்டியை நிறுத்தின இடத்திலிருந்து?”

“நடந்துதான்.”

அவர் எழுந்து வெளியே போனார். உதவியாளரைக் கூப்பிடாமல் தானே ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். “உட்காருங்க. இனி நான் சொல்ற வரைக்கும் இடது கால் தரையில படக்கூடாது. ஒரு தடவைகூட.”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பின் மீதி இருந்தது. “ஏங்க, இவரு என்னத்துக்கு இப்படிப் பயப்படுதாரு?” என்று தமிழில் கேட்டாள்.

அவர் பயந்ததற்குக் காரணம் எலும்பின் அமைப்பில் இருந்தது. தொடை எலும்பு நேராக மேலே போய் இடுப்பில் சேர்வதில்லை. உச்சியில் உள்பக்கமாகச் சாய்ந்து ஒரு கழுத்தாக நீள்கிறது. அந்தக் கழுத்தின் முனையில் ஒரு பந்து. பந்து இடுப்பிலுள்ள குழியில் பொருந்தியிருக்கிறது. நிற்கும்போது உடம்பின் எடை பந்தின் மேல் இறங்குகிறது, கழுத்து அதைப் பக்கவாட்டில் தாங்குகிறது.

“உங்க காம்பவுண்டில் முருங்கை மரம் இருக்கா?” என்று டாக்டர் கேட்டார். இருக்கிறது என்றேன். “ஒரு கிளையை நுனியில் பிடிச்சு கீழே இழுங்க. எந்தப் பக்கம் முதல்ல பிளக்கும்?”

“மேல்பக்கம்.”

“ஆமாம். மேல்பக்கம் இழுபடும். கீழ்ப்பக்கம் நசுங்கும். கீழ்ப்பக்கத்து விரிசலை எடை அழுத்தி மூடப் பார்க்கும். ஊன்றுகோல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். மேல்பக்கத்து விரிசலை ஒவ்வொரு அடியும் திறக்கப் பார்க்கும். இவங்களுக்கு மேல்பக்கம்.”

முருங்கைக் கிளை எப்படி ஒடியும் என்று தமிழனுக்குச் சொல்லத் தேவையில்லை. சத்தமே இல்லாமல் கையோடு வந்துவிடும்.

அடிபடாமல், திரும்பத் திரும்ப விழும் சுமையாலேயே எலும்பில் விழும் இந்த விரிசலை அழுத்த முறிவு என்கிறார்கள். கழுத்து முழுதாக முறிந்து விலகினால் பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அறுபடலாம். அவை மிக மெல்லியவை, கழுத்தை ஒட்டியே ஓடுகின்றன. ரத்தம் போகாவிட்டால் பந்து செத்து, மாதக் கணக்கில் மெதுவாக நொறுங்கும். பிறகு செயற்கை மூட்டுதான். எழுபது வயதில் அது நல்ல தீர்வு என்றார் டாக்டர். நாற்பத்தாறு வயதில் வைத்தால், வாழ்நாளில் இன்னொரு முறையாவது மாற்ற வேண்டிவரும். ஆகவே விலகுவதற்கு முன் திருகாணிகளைச் செலுத்தி விரிசலை இறுக்கிவிட வேண்டும். அங்கேயே சேர்த்துக்கொண்டு மறுநாள் காலையே செய்துவிடலாம் என்றார்.

அன்று மாலை ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல் வந்தது.

மழைக்காலத்துப் புனேயில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு பார்ப்பார்கள். ரத்தத் தட்டுகள், அதாவது பிளேட்லெட்டுகள், கொஞ்சம் குறைந்திருந்தன. மயக்க மருந்து கொடுப்பவர் மறுத்துவிட்டார். காய்ச்சல் இறங்கி, தட்டுகள் ஏறும் வரை காத்திருக்க வேண்டும். டெங்கு இல்லை என்று மறுநாள் தெரிந்தது, வேறு ஏதோ வைரஸ். அறுவை சிகிச்சை திங்கட்கிழமை காலைக்குத் தள்ளிப்போனது. அதுவரை ஒரே சிகிச்சை, இடது கால் தரையில் படாமல் இருப்பது.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். இடது கால், எடை கூடாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அதில் இருந்தது. ஸ்டெல்லாவுக்குப் படுத்திருக்கும்போது வலியே இல்லை. அதுதான் பெரிய தொந்தரவு. வலி இருந்தால் அதுவே காவல் காத்திருக்கும். கழிவறை எட்டடி தூரத்தில் இருக்க, பெட்பேன் கொண்டுவரும் ஆயாவுக்காக அவள் காத்துக் கிடந்தாள். இங்கே ஆயாக்களை ‘மௌஷி’ என்பார்கள், சித்தி என்று அர்த்தம்.

“மௌஷி வரதுக்குள்ள நான் நொண்டியடிச்சுப் போயிட்டு வந்துருவேன்” என்றாள்.

“வலது காலால் நொண்டும்போது தடுமாறினா இடது காலைத்தான் ஊன்றுவ” என்றேன்.

“நீங்க ஒண்ணும் டாக்டர் இல்ல.”

“அதான் டாக்டர் சொன்னதை அப்படியே சொல்றேன்.”

பக்கத்துக் கட்டிலில் சுனந்தா என்ற மராத்திப் பெண். மழையில் ஸ்கூட்டர் சறுக்கி வலது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. தோலுக்கு வெளியே ஒரு கம்பிச் சட்டம், அதிலிருந்து நான்கு ஊசிகள் எலும்புக்குள் போயின. டிவி ஆன்டெனா மாதிரி இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொண்டார். “எனக்குக் கால் நல்லா இருக்கு, கை இல்லை. உனக்குக் கை நல்லா இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு மருமகள் தேறும்” என்று இந்தியில் ஸ்டெல்லாவிடம் சொன்னார். அவர்கள் அரை மணி நேரத்தில் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். சுனந்தாவுக்கு ஸ்டெல்லா தலை பின்னிவிட்டாள்.

ஜெனி கல்லூரி முடிந்து வந்தாள். கட்டிலடியில் கிடந்த அம்மாவின் செருப்புகளை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“எதுக்குடி அது?”

“செருப்பு இருந்தா நீ போட்டு நடப்ப மம்மி. நான் உன்னை ஜான்த்தி ஹூம்.” உன்னை எனக்குத் தெரியும் என்பதை அவள் பாதித் தமிழில் அப்படித்தான் சொல்வாள்.

நான் அந்த இரண்டு நாட்களும் படித்தேன். பயத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார எனக்குத் தெரியாது. முறிவுகளின் பெயர்கள் முதலில் காடுபோல இருந்தன. பிறகு அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு தெரிந்தது. செய்தியின் முதல் பத்தியில் யார், எங்கே, எப்போது என்று நாங்கள் அடைப்பதுபோல, ஒரு முறிவின் பெயரும் சில கேள்விகளுக்கான பதில். எந்த எலும்பு? நடுத்தண்டிலா, முனையிலா? கோடு குறுக்காகவா, சாய்வாகவா, சுற்றிக்கொண்டா? குறுக்காக இருந்தால் நேரடி அடி. சுற்றிக்கொண்டு போனால் யாரோ, எதுவோ முறுக்கியிருக்கிறது. பல துண்டுகளானால் நொறுங்கிய முறிவு, சுனந்தாவுடையது. தோல் கிழிந்து எலும்பு வெளிக்காற்றைத் தொட்டிருந்தால் திறந்த முறிவு, தொற்று நுழையும் என்பதால் அவசரம் அதிகம். குழந்தைகளின் எலும்பு பச்சைக் குச்சிபோல ஒருபக்கம் பிளந்து மறுபக்கம் வளையும், அதற்கும் தனிப் பெயர்.

கடைசிக் கேள்விதான் எங்களுடையது. நகர்ந்ததா, இல்லையா?

தொடை எலும்பின் கழுத்துக்கு இதற்கென்றே நான்கு படிகள் வகுத்திருக்கிறார்கள். முதல் படியில் முறிவு முழுமையடையவில்லை. இரண்டாவதில் முழுதாக முறிந்தும் எலும்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. மூன்றாவதில் பந்து கொஞ்சம் விலகித் திரும்பியிருக்கிறது. நான்காவதில் உறவே அற்றுப்போகிறது. முதல் இரண்டுக்கும் பின்னிரண்டுக்கும் இடையில்தான் எல்லை. அந்தப் பக்கம் போனால் ரத்தக் குழாய்களுக்கு உத்தரவாதம் இல்லை. இந்தப் படிகள் விழுந்து முறித்துக்கொள்பவர்களுக்காக வகுக்கப்பட்டவை, ஆனாலும் நிலைமையைப் புரிந்துகொள்ள உதவும் என்றார் டாக்டர். அந்தக் கணக்கில் ஸ்டெல்லா முதல் படியில் இருந்தாள்.

இவ்வளவும் தெரிந்த நான் வெள்ளிக்கிழமை காலை எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். ‘ஸ்டெல்லாவுக்கு இடுப்பில் லேசான கீறல். சிறு அறுவை சிகிச்சை. பயப்பட ஒன்றுமில்லை. ஜெபித்துக்கொள்ளுங்கள்.’ நான்கே வாக்கியங்கள். ஸ்டெல்லாவின் தாயார் அந்தக் குழுவில் இருக்கிறார், அவருக்கு இதய நோய். நூறு பேர் தொலைபேசியில் விசாரிப்பதையும் தவிர்க்க விரும்பினேன். எங்கள் ஆட்களிடையே நோயைக் கொஞ்சம் குறைத்துச் சொல்வது மரியாதை. நானும் குறைத்தேன். வெளியான செய்தியில் ஒரு சொல் தவறினால் மறுநாள் திருத்தம் போட வேண்டும் என்று மற்றவர்களைக் கடிந்துகொண்டவன் நான்.

சனிக்கிழமை நல்ல நாளாகத்தான் இருந்தது. காய்ச்சல் முழுதாக இறங்கியிருந்தது. ரத்தத் தட்டுகள் ஏறியிருந்தன. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, ஸ்டெல்லாவை உட்காரவைத்து நானே தலைவாரிவிட்டேன். நாலரை மணிக்கு ஐயர் வந்தார். நெல்லைப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம். அவருடன் சபையிலிருந்து மூன்று பேர். காவலாளி இரண்டு பேருக்குமேல் விடமாட்டார், எப்படியோ வந்துவிட்டார்கள். வருகிறவர்கள் கைகொடுக்க வசதியாகக் கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கியது நான்தான்.

“என்னம்மா, ஓட்டப்பந்தயத்துல பேர் குடுத்துட்டு இங்க வந்து படுத்திருக்க?” என்றார் ஐயர்.

“படுக்கவச்சிட்டாங்க ஐயா. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“பின்ன, லேசான கீறல்தான. சீக்கிரம் ஓடிருவ.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வார்டில் யாருக்கும் தொந்தரவில்லாமல் தணிந்த குரலில் ஒரு கீர்த்தனை பாடினார்கள். வேதத்தில் ஒரு பகுதி வாசித்தார்கள். ஐயர் ஜெபித்தார். அதுவரை வந்தவர்கள் இரண்டு முக்காலிகளிலும் காலியாக இருந்த ஒரு கட்டிலின் விளிம்பிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் ஐயர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

“ஆசீர்வாதத்துக்கு எழும்பி நிப்போம்.”

நாங்கள் எழுந்தோம். கண்களை மூடினோம். அவர் கையை உயர்த்திச் சொல்லத் தொடங்கினார்.

ஞாயிறுதோறும் ஆராதனையின் முடிவில் ஸ்டெல்லா அந்த வார்த்தைகளைக் கேட்டு எழுந்திருக்கிறாள். கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அவளைத் தூக்கி வைத்திருந்தவர்கள் எழுந்திருப்பார்கள். யோசித்திருந்தால் நிச்சயம் எழுந்திருக்கமாட்டாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். கண்ணை மூடியபடியே கால்களைக் கட்டிலின் பக்கவாட்டில் இறக்கி, எழுந்து, தலைகுனிந்து நின்றிருக்கிறாள். இரண்டு கால்களிலும். மூன்றடி தள்ளி நின்ற எனக்கு ஒரு சலனமும் தெரியவில்லை.

அந்த இடத்தில் கண்களைத் திறந்து வைத்திருந்தவர் சுனந்தா ஒருவர்தான்.

“தாயி! பாய் காலி டேவூ நகா!” அக்கா, காலைக் கீழே வைக்காதே என்று அவர் மராத்தியில் கத்தினார்.

நான் கண்ணைத் திறந்தேன். ஸ்டெல்லா தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க… நான் நிக்கேன்” என்றாள்.

நான் அவளைப் பிடிப்பதற்குள் கட்டிலில் உட்காரத் திரும்பினாள். திரும்பும்போது இடது காலில் எடை ஏறியது. பிறகு, உள்ளே ஏதோ இடம் மாறியது என்று மிகத் தெளிவாக, வகுப்பில் சொல்வதுபோல் சொன்னாள். ஐயர் கையை இன்னும் இறக்கவில்லை. அவருக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை.

செவிலியர்கள் சபையாரை வெளியே அனுப்பிவிட்டு, எக்ஸ்ரே இயந்திரத்தைக் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் காலே நாற்பது நிமிடத்தில் வந்தார், மழைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. படத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் படத்தையே பார்த்தேன். வியாழக்கிழமை தலைமயிர்போல இருந்த கோடு இப்போது ஒரு சந்து. பந்து சற்றே சாய்ந்திருந்தது.

“மூன்றா?” என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “மூன்று” என்றார். “விழுந்தாங்களா?”

“இல்லை. நின்றாள். சுமார் இருபது விநாடி.”

“எதற்கு?”

“பிரார்த்தனைக்கு.”

அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். எழுதி முடித்துவிட்டு, “எங்க வீட்டிலும் ஆரத்தின்னா எழுந்துருவாங்க” என்றார். பிறகு குரல் மாறியது. “திங்கள் வரைக்கும் காத்திருக்க முடியாது. இன்றைக்கே.”

ஒப்புதல் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. முதலில் தோலைத் திறக்காமல் காலை இழுத்துச் சுழற்றி எலும்பைப் பழைய இடத்தில் பொருத்தப் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் மூட்டைத் திறப்பார்கள். அதுவும் கைகூடாவிட்டால் செயற்கை மூட்டு. மூன்றுக்கும் ஒரே கையெழுத்து. ஸ்டெல்லா தானே வாங்கிப் படித்துக் கையெழுத்திட்டாள். தள்ளுவண்டியில் ஏற்றும்போது என் கையைப் பிடித்து, “ஐயர்ட்ட சொல்லிராதீங்க. அவரு தாங்கமாட்டாரு” என்றாள்.

எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அறுவை அரங்கின் வெளியே நானும் ஜெனியும் உட்கார்ந்திருந்தோம். நான் ஒரு காகிதத்தில் பந்தும் கழுத்தும் வரைந்து அவளுக்கு விளக்கினேன். வேகமாகப் புரிந்துகொண்டாள். என்னைவிட நல்ல கேள்விகள் கேட்டாள். பிறகு கேட்டாள்:

“டாடி, ஐயருக்கு யாரும் இது சொல்லலையா?”

“குழுவில் போட்டிருந்தேன்.”

“என்ன போட்ட? படி.”

தமிழில் எழுதியதை அவளால் படிக்க முடியாது. நான்தான் படிக்க வேண்டும். தொலைபேசியை எடுத்து என் நான்கு வாக்கியங்களையும் உரக்கப் படித்தேன்.

“கீறல்னா?”

“ஸ்க்ராட்ச்.”

“ஸ்க்ராட்ச்?” அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “லேசான மத்லப் லைட். லைட் ஸ்க்ராட்ச்சா, டாடி?”

அவள் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து, பிரித்து, என் பக்கம் நீட்டினாள். பைக்குள் அவளுடைய அம்மாவின் செருப்புகள் தெரிந்தன.

பத்து மணிக்குச் சற்று முன் டாக்டர் வெளியே வந்தார். தோலைத் திறக்காமலே எலும்பு பொருந்திவிட்டது. மூன்று திருகாணிகள். நிலை நன்றாக இருக்கிறது என்றார்.

“ரத்த ஓட்டம்?”

“அதை இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. சீக்கிரம் செய்தது நல்லது. ஆனால் பந்து சாவதாக இருந்தால் ஆறு மாதத்தில் தெரியலாம், இரண்டு வருடத்திலும் தெரியலாம். படம் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கணும்.”

செவ்வாய்க்கிழமை ஐயர் வந்தார். வார்டுக்குள் வராமல் கதவருகிலேயே நின்றார். நான் அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஸ்டெல்லா சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை மறக்கவில்லை. ஆனால் அவர் வாரம் இரண்டு மருத்துவமனைகளுக்குப் போகிறவர். இன்னொரு கட்டிலருகில் இன்னொருவர் படுத்திருப்பார். எந்த எலும்பு, எந்த இடம், எந்த நிமிடம் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நீங்க லேசான கீறல்னுதான போட்டிருந்தீங்க?” என்றார்.

“ஆமா ஐயா.”

“நான் அதைத்தான் ஜெபக்கூட்டத்துல வாசிச்சேன்.”

குற்றம்சாட்டும் தொனி அதில் துளியும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று மாலை அதே குழுவில் திருத்தம் போட்டேன். நடந்தது என்ன, முறிவின் நிலை என்ன, பந்து பிழைக்குமா என்பது தெரிய இரண்டு வருடம் ஆகலாம் என்று எழுதினேன். முதல் செய்தியில் நான் குறைத்து எழுதியதையும் சொன்னேன். தொலைபேசி நிற்காமல் அடித்தது. ஸ்டெல்லாவின் தாயாருக்கு முதல் ஆளாக நானே நேரில் சொல்லியிருந்தேன். அவர் அழுதார். பிறகு, “முதல்லயே சொல்லியிருந்தா நான் ஐயருட்ட சொல்லியிருப்பேனே மாப்ள. என் இதயம் அவ்வளவு மோசமில்ல” என்றார்.

பத்து வாரங்கள் ஊன்றுகோலில் போயின. போன வாரம் எடுத்த படத்தில் விரிசல் இருந்த இடத்தில் எலும்பு கூடத் தொடங்கியிருக்கிறது. பந்து உருண்டையாகவே இருக்கிறது. “இதுவரை” என்ற ஒரு சொல்லை டாக்டர் சேர்த்துக்கொண்டார். இனி இடது காலில் கொஞ்சம் எடை ஏற்றலாம், முதல் வாரம் பத்து கிலோ மட்டும். பத்து கிலோ எவ்வளவு என்று கால் எப்படி அறியும்? அதற்கு ஒரு எளிய வழி சொன்னார். வீட்டில் எடை பார்க்கும் கருவியைத் தரையில் வைத்து, ஊன்றுகோலைப் பிடித்தபடி இடது பாதத்தை அதன்மேல் வைத்து, முள் பத்தைத் தொடும் வரை அழுத்த வேண்டும். அந்த அழுத்தத்தைக் காலுக்குப் பழக்க வேண்டும்.

நேற்றுக் காலை கூடத்தில் அதைச் செய்தோம். மருத்துவமனையில் இருபது விநாடி முழு எடையோடு நின்றவள், இப்போது கருவியைப் பாதத்தால் தொட்டுவிட்டு எடுத்தாள். மறுபடி வைத்தாள். கீழே பார்க்க மறுத்துச் சுவரையே பார்த்தாள். நான் தரையில் உட்கார்ந்து முள்ளைப் படித்தேன்.

“எவ்வளவு?”

“நாலு.”

“இப்ப?”

“ஆறரை.”

“போதும்லா?”

“பத்து.”

“பத்து ஆயிட்டா?”

“இல்லை. பத்து வேணும். இப்ப ஆறரை.”

“கூட்டிச் சொல்லுங்களேன், ஒருநாளைக்கு” என்று சிரிக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. ஊன்றுகோலின் ரப்பர் முனை தரையில் கிரீச்சிட்டது. முள் எட்டுக்குப் போய்த் திரும்பியது. ஒன்பதில் நின்று ஆடியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“வலிக்குதா?”

“இல்ல. பயந்தான். எவ்வளவு?”

“பத்து.”

“நெசமாவா?”

“நீயே பாரு.”

ஸ்டெல்லா ஊன்றுகோல்களில் சாய்ந்தபடி மெல்லக் குனிந்து, தன் பாதத்தையும் அதன் முன்னால் இருந்த முள்ளையும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“பத்துதான்” என்றாள். காலை எடுக்கவில்லை.